யூஎஸ்பி ஒலிக்கருவி லினக்ஸில் மௌனமானால்: எந்த அடுக்கில் அறுந்தது என்று கண்டுபிடிக்கும் வழி

யூஎஸ்பி ஹெட்செட்டைச் செருகுகிறோம், சத்தம் வரவில்லை. அல்லது சத்தம் வருகிறது, மைக் எடுக்கவில்லை. அல்லது இரண்டும் வந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரகரக்கிறது. வலையில் தேடினால் ஒன்றுக்கொன்று முரணான ஆலோசனைகள் கொட்டும்: பல்ஸ்ஆடியோவை நீக்கி மறுபடி நிறுவு, பயனரை ஆடியோ குழுவில் சேர், உள்ளமைவுக் கோப்பில் இந்த வரியைச் சேர். இவற்றில் பெரும்பகுதி ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. ஆனால் இடையில் லினக்ஸ் மேசைக் கணினியின் ஒலி அமைப்பே மாறிவிட்டது. ஃபெடோரா 34 (2021 ஏப்ரல்), உபுண்டு 22.10 (2022 அக்டோபர்), க்நோம் மேசைத்தளத்துடன் வரும் டெபியன் 12 (2023 ஜூன்) ஆகியவை பழைய ஒலிச் சேவையான பல்ஸ்ஆடியோவின் இடத்தில் பைப்வயர் என்ற புதிய சேவையைக் கொண்டுவந்தன. பழைய மருந்தைப் புதிய அமைப்பில் போட்டால் சில சமயம் இருந்த ஒலியும் போய்விடும்.

எனவே எதையும் நீக்கி நிறுவுவதற்கு முன்னால், ஒலி எந்த இடத்தில் அறுகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சாட்சி சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம்; முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

ஒலி கடந்து போகும் நான்கு அடுக்குகள்

1. பஸ்: கம்பி, போர்ட், ஹப், மதர்போர்டின் யூஎஸ்பி கட்டுப்படுத்தி. கருவி இருக்கிறது என்பதே இங்கேதான் முதலில் தெரியவரும்.

2. கர்னல்: எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ என்ற டிரைவர் கருவியைப் பிடித்து, அல்சா என்ற கர்னல் ஒலி அமைப்பில் அதை ஒரு ‘கார்டு’ ஆகப் பதிவு செய்கிறது.

3. ஒலிச் சேவை: பைப்வயர் எல்லாச் செயலிகளின் ஒலியையும் கலந்து கார்டுக்கு அனுப்புகிறது. எந்தக் கருவியை எந்த விதத்தில் திறப்பது, எது இயல்பான கருவி என்று முடிவெடுப்பது அதன் துணைச் சேவையான வயர்ப்ளம்பர். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதப்பட்ட செயலிகளுக்கு பைப்வயர்-பல்ஸ் என்ற மூன்றாவது சேவை அதே மொழியில் பதில் சொல்கிறது.

4. செயலி: உலாவி, வீடியோ அழைப்பு, ஒலிப்பதிவு மென்பொருள். இவை தமக்கென்று தனியாக ஒரு கருவித் தேர்வை நினைவில் வைத்திருக்கும்.

கீழிருந்து மேலாகப் போவதே வேகமான வழி. முதல் அடுக்கில் கருவியே இல்லை என்றால் நான்காவதில் எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை.

பஸ்ஸில் என்ன நடக்கிறது

யூஎஸ்பி ஒலியின் பல விநோதங்களுக்கு விளக்கம், அது தரவை அனுப்பும் முறையிலேயே இருக்கிறது. பென் டிரைவுக்குப் போகும் தரவில் ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் கணினி அதை மறுபடி அனுப்பும்; நகலெடுப்பது ஒரு நொடி தாமதமாகும், அவ்வளவுதான். ஒலிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒலிக்கருவிகள் ஐசோக்ரோனஸ் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. குறித்த நேரத்தில் இடம் உறுதி. ஆனால் கெட்ட பொட்டலம் மறுபடி வராது. நேரம் தவறாமல் கிளம்பும், யாருக்காகவும் திரும்பி வராத பேருந்து மாதிரி. மோசமான கம்பியில் பென் டிரைவ் ஒழுங்காக வேலை செய்து, அதே கம்பியில் ஒலி மட்டும் ‘டிக் டிக்’ என்று விட்டு விட்டு வருவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வேகம். மலிவான ஹெட்செட்டுகளும் விரலளவு சவுண்ட் கார்டுகளும் 1998இல் வெளிவந்த யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 என்ற தரத்தைப் பின்பற்றி, நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுபவை. அந்த வேகத்துக்கு ஃபுல் ஸ்பீட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2006இல் வந்த கிளாஸ் 2, 480 மெகாபிட் ஹை ஸ்பீடில் ஓடுகிறது. ஒலிப்பதிவுக்கான இடைமுகக் கருவிகள் பெரும்பாலும் இந்த வகை.

கணக்கு இப்படி. ஃபுல் ஸ்பீடில் ஒரு மில்லிவிநாடிக்கு ஒரு பொட்டலம். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 1023 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் மில்லிவிநாடிக்கு 48 × 2 × 2 = 192 பைட். தாராளமாகப் போகும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் 576 பைட், இதுவும் போகும். 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 1152 பைட், போகாது. கிளாஸ் 1 கருவியிலிருந்து 192 கிலோஹெர்ட்ஸ் கேட்டால் கிடைக்காததற்கு டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது விஷயம் கடிகாரம். கணினிக்கு ஒரு கடிகாரம், கருவிக்குள் இன்னொன்று. இரண்டும் நொடிக்கு 48000 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு) என்று சொன்னாலும் மிகச் சிறிதளவு வேறுபடும். 50 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 50) வேறுபாடு இருந்தாலே நொடிக்கு இரண்டு மூன்று சாம்பிள் கூடும் அல்லது குறையும். சேமிப்பிடம் மெல்ல நிரம்பியோ வற்றியோ போகும். நல்ல கருவிகள் அசிங்க் முறையில் இயங்கி, ‘இப்போது இவ்வளவு அனுப்பு’ என்று கணினிக்குத் திருப்பிச் சொல்கின்றன. இந்தத் திருப்பித் தகவலை டிரைவர் தவறாகப் புரிந்துகொண்டால், சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி சீரான இடைவெளியில் ஒருமுறை சொடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் கரகரப்புக்கும் தொடர்ந்து வரும் கரகரப்புக்கும் காரணம் வேறு என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் அடுக்கு: கருவி பஸ்ஸில் இருக்கிறதா?

ஒரு முனையத்தில் ‘ஜர்னல்சிடிஎல் -கே -எஃப்’ என்று ஓடவிட்டுவிட்டு, கருவியைக் கழற்றி மறுபடி செருகுங்கள். கர்னல் அந்த நொடியே பேச வேண்டும்: புதிய ஃபுல் ஸ்பீட் அல்லது ஹை ஸ்பீட் கருவி வந்தது, தயாரிப்பாளர் எண் இது, பொருள் எண் இது.

ஒரு வரிகூட வரவில்லை என்றால்:

1. கம்பி மின்னூட்டத்துக்கு மட்டுமான கம்பியாக இருக்கலாம். உள்ளே தரவுக் கம்பிகளே இருக்காது.

2. டைப்-சி முனையிலிருந்து 3.5 மிமீ துளைக்கு மாற்றும் சிறு வால் என்றால், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்ளே சிறிய சவுண்ட் கார்டே இருக்கும். மற்றதில் வெறும் கம்பி மட்டும். சில கைப்பேசிகள் டைப்-சி போர்ட் வழியாக நேரடியாக அனலாக் ஒலியை அனுப்புவதை நம்பிச் செய்தது. இந்த இரண்டாம் வகை மேசைக் கணினியில் எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் கேட்டு வாங்க வேண்டியது ‘டிஏசி உள்ளது’, அதாவது சவுண்ட் கார்டுச் சில்லு உள்ளே இருக்கிறது என்பதைத்தான்.

3. கேபினெட்டின் முன்பக்க போர்ட். மதர்போர்டுக்குப் போகும் உள் கம்பி தளர்ந்திருப்பது சகஜம். பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள்.

வரிகள் வந்து, பிழை எண்ணும் வந்தால் அந்த எண்ணே பாதி விடை. ‘எரர் -71’ என்பது மின்சமிக்ஞை கெட்டுப்போகிறது என்பதன் அடையாளம்: கம்பி, இணைப்பு முனை, ஹப். ‘-110’ என்றால் கருவி நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. மின்சாரம் போதாமல் தடுமாறும் கருவி இப்படித்தான் செய்யும். ‘-32’ என்றால் கணினி கேட்ட ஒன்றைக் கருவி மறுத்துவிட்டது. ‘-28’ பஸ்ஸில் இடமில்லை என்பது; அதற்குக் கீழே தனியாக வருவோம். ‘கெனாட் கெட் ஃப்ரீக் அட் ஈபி’ என்று தொடங்கும் ஒரு வரி பலரைப் பயமுறுத்துகிறது. இப்போதைய சாம்பிள் ரேட்டைத் திருப்பிச் சொல்லத் தெரியாத கருவி என்பது மட்டுமே அதன் பொருள். பெரும்பாலும் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

மின்சாரக் குறைவை இனம் காண ஒரு தெளிவான அடையாளம் உண்டு. ஒலிப்பதிவு இடைமுகத்தில் கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் பொத்தானை அழுத்திய கணமே ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்ற வரி விழுந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். தனி மின்சாரம் இல்லாத ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லிஆம்பியர் தருவதாகத்தான் கணக்கு. கணினியின் யூஎஸ்பி 2 போர்ட் 500, யூஎஸ்பி 3 போர்ட் 900 தரும். நேரடியாகக் கணினியில் செருகுங்கள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள்.

இரண்டாம் அடுக்கு: டிரைவர் பிடித்ததா?

‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ (சிறிய t) என்ற கட்டளை பஸ்ஸை மரமாக வரைந்து காட்டும். உங்கள் கருவியின் வரியில் கிளாஸ்=ஆடியோ, டிரைவர்=எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ, கடைசியில் 12எம் அல்லது 480எம் என்று இருக்க வேண்டும். டிரைவர் என்ற இடம் காலியாக இருந்தால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, கர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யாதது. ஆர்ச் போன்ற வினியோகங்களில் புதுப்பிப்பு பழைய கர்னலின் மாட்யூல் கோப்புறையை அழித்துவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். ஏற்கெனவே ஏற்றப்பட்ட டிரைவர்கள் ஓடும், புதிதாகச் செருகும் எதற்கும் டிரைவர் கிடைக்காது. ‘யூநேம் -ஆர்’ சொல்லும் பதிப்புக்கு உரிய கோப்புறை ‘லிப்’ அடியில் ‘மாட்யூல்ஸ்’ என்பதற்குள் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, உபுண்டுவின் குறுக்கிய நிறுவல்கள். மெய்நிகர் கணினிக்கான கர்னலில் இந்த டிரைவர் அடிப்படைப் பொதியில் வராது. ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்று தொடங்கும் பொதியில் இருக்கிறது. அப்படிப்பட்ட நிறுவலின்மேல் மேசைத்தளம் ஏற்றியவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

மூன்றாவது, கருவியே பொதுத் தரத்தைப் பின்பற்றாதது. கிளாஸ் என்ற இடத்தில் ‘வெண்டர் ஸ்பெசிஃபிக்’ என்று இருந்து, கர்னலுக்கும் அந்த மாதிரியைத் தெரியாவிட்டால், நம்மால் செய்யக்கூடியது அதிகமில்லை. சில உயர்தரக் கருவிகளில், எடுத்துக்காட்டாக ஆர்எம்இ பேபிஃபேஸ் வரிசையில், பொதுத் தர முறைக்கு மாற்றும் வசதி கருவியிலேயே இருக்கிறது. வாங்கும் முன் பார்க்கும் நல்ல குறிப்பு: பெட்டியில் ஐபேடில் கூடுதல் டிரைவர் இல்லாமல் ஓடும் என்று போட்டிருந்தால், லினக்ஸிலும் ஓட வாய்ப்பு அதிகம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறைக் கருவிகள் புதிதில் ஒரு சிறிய வட்டு போலவும் தெரியும். 48 வோல்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் அந்த முறை அணையும்.

டிரைவர் பிடித்துவிட்டது என்றால், அது கருவியைப் பற்றி என்ன தெரிந்துகொண்டது என்று பார்க்கலாம். ‘ப்ராக்’ அடியில் ‘ஏசவுண்ட்’, அதனுள் ‘கார்டு1’, அதனுள் ‘ஸ்ட்ரீம்0’ என்ற கோப்பு. கார்டு எண் மாறுபடலாம். ‘ஏபிளே -எல்’ (சிறிய எல்) சரியான எண்ணைச் சொல்லும். இந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லும் வழிகாட்டிகள் குறைவு. ஆனால் இந்த விஷயத்தில் இதைவிடப் பயனுள்ள கோப்பு வேறில்லை. பிளேபேக் (ஒலிப்பு), கேப்சர் (பதிவு) என்று இரு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஃபார்மட் எஸ்16_எல்இ, சேனல்ஸ் 2, ரேட்ஸ் 44100, 48000 என்பதுபோல் கருவியே அறிவித்த திறன்கள். எண்ட்பாயிண்ட் வரியில் அசிங்க், அடாப்டிவ், சிங்க் என்று கடிகார முறை. ஒலி ஓடும்போது திறந்தால் ‘மொமென்டரி ஃப்ரீக்’ என்று உண்மையில் எந்த வேகத்தில் தரவு போகிறது என்பதும் தெரியும். கேப்சர் பகுதியே இல்லை என்றால், கருவி தனக்கு மைக் இருப்பதாகவே அறிவிக்கவில்லை. மேல் அடுக்கில் மைக்கைத் தேடுவது வீண். கேப்சரில் சேனல்ஸ் 1 என்று இருந்தால் அது மோனோ மைக்.

இப்போது ஒலிச் சேவையைத் தாண்டி நேராகச் சோதிக்கலாம்:

1. ‘எஃப்யூசர் -வி’ கட்டளைக்கு ‘டெவ்’ அடியிலுள்ள ‘எஸ்என்டி’ கோப்புறையின் எல்லாக் கோப்புகளையும் கொடுங்கள். எந்த நிரல் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும்.

2. ‘ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி எச்டபிள்யூ:1,0 -சி 2 -ஆர் 48000’. இங்கே ‘-டி’ மட்டும் பெரிய எழுத்து D. இரைச்சல் மாறி மாறி இரு காதிலும் கேட்டால், முதல் இரண்டு அடுக்குகளும் நலம்.

3. ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிசி’ என்று வந்தால் வேறு நிரல் பிடித்திருக்கிறது. பைப்வயரே பிடித்திருந்தால், ஒலிக்கும் செயலிகளை மூடிச் சில நொடிகள் பொறுத்துப் பாருங்கள்.

4. மைக்குக்கு ‘ஏரெகார்ட்’. ‘சேனல்ஸ் கவுண்ட் நான் அவைலபிள்’ என்ற பிழை வந்தால் மைக் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். மோனோ மைக்கிடம் ஸ்டீரியோ கேட்டிருக்கிறீர்கள். ‘எச்டபிள்யூ’ என்பது எந்த மாற்றமும் செய்யாமல் கருவியை உள்ளபடி திறக்கும். -சி 1 என்று கேளுங்கள், அல்லது மாற்றித் தரும் ‘பிளக்எச்டபிள்யூ’ என்ற பெயரைப் பயன்படுத்துங்கள்.

சத்தம் இல்லாமல் சோதனை ‘வெற்றி’ என்று முடிந்தால் அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். தூணின் அடியில் எம்எம் என்றால் அடைத்திருக்கிறது. எம் விசை அதை 00 ஆக்கும். எஃப்4 மைக் பக்கம். ஹெட்செட் வயரிலேயே ஒரு ம்யூட் பொத்தான் இருக்கிறதா என்பதையும் இந்த இடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் அடுக்கு: பைப்வயரும் ப்ரொஃபைலும்

முதலில் யார் ஓடுகிறார்கள் என்று உறுதி செய்யுங்கள். ‘பேக்டிஎல் இன்ஃபோ’ கொடுத்தால் சர்வர் நேம் என்ற வரி வரும். அதில் ‘பல்ஸ்ஆடியோ, ஆன் பைப்வயர்’ என்று பதிப்பு எண்ணோடு இருந்தால் பைப்வயர். வெறும் பல்ஸ்ஆடியோ என்றிருந்தால் பழைய சேவை. பழைய ஆலோசனையைக் கேட்டு பைப்வயர் உள்ள கணினியில் பல்ஸ்ஆடியோவையும் நிறுவிவிட்டால், இரண்டும் ஒரே கார்டுக்காகப் போட்டி போடும். ஒருமுறை தொடங்கும்போது ஒலி இருக்கும், அடுத்த முறை இருக்காது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க வேண்டும்.

கார்டு கர்னலில் இருந்தும் ஒலி அமைப்புப் பட்டியலில் இல்லை, அல்லது பாதி மட்டுமே இருக்கிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி ப்ரொஃபைல். ஒரே கார்டைப் பல விதமாகத் திறக்கலாம்: அனலாக் வெளியீடு மட்டும், வெளியீடும் மைக்கும் சேர்ந்து, டிஜிட்டல் ஐஈசி958 வெளியீடு, ப்ரோ ஆடியோ, ‘ஆஃப்’. வயர்ப்ளம்பர் தவறான ஒன்றைத் தேர்ந்திருந்தாலும், எப்போதோ ‘ஆஃப்’ ஆக்கியது நினைவில் நின்றாலும் கருவி மறைந்துபோகும். பாவுகண்ட்ரோல் என்ற சிறு மென்பொருளை நிறுவி, அதன் கடைசித் தாவலான கான்ஃபிகரேஷனில் சரியான ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பல மேசைத்தளங்களின் அமைப்புச் சாளரம் இந்தப் பட்டியலை முழுமையாகக் காட்டுவதில்லை. பல சேனல் கொண்ட இடைமுகங்களுக்கு ப்ரோ ஆடியோ நல்லது: எல்லாச் சேனலையும் பெயர் சூட்டாமல் அப்படியே திறந்துவிடும். சாதாரண ஹெட்செட்டுக்கு அது வேண்டாம்.

‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ இப்போதைய நிலையைக் காட்டும். நட்சத்திரக் குறி உள்ளது இயல்பான கருவி. எச்டிஎம்ஐ திரையில் நட்சத்திரம் நின்றால் ஹெட்செட் மௌனம்தான். ‘டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட்’ என்பதோடு உரிய எண்ணைக் கொடுத்து மாற்றலாம். மைக்கில் இதே கதை வெப்கேமால் வரும்: கேமராவுக்குள் இருக்கும் மைக் இயல்பானதாகிவிட்டு, வாய்க்கருகே இருக்கும் ஹெட்செட் மைக் சும்மா இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் ‘கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு’ என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

நினைவில் இருக்கும் தேர்வுகளே குழம்பிவிட்டதாகத் தோன்றினால், ஹோம் கோப்புறையில் ‘.லோக்கல்’, ‘ஸ்டேட்’ வழியாக ‘வயர்ப்ளம்பர்’ என்ற கோப்புறையை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு, ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட்’ கட்டளையில் வயர்ப்ளம்பர், பைப்வயர், பைப்வயர்-பல்ஸ் மூன்றையும் மறுதொடக்கம் செய்யுங்கள். முன்னால் சூடோ போடக் கூடாது. இவை பயனர் கணக்கில் ஓடும் சேவைகள்.

ஆடியோ குழுவில் பயனரைச் சேர்க்கும் பழைய ஆலோசனை பற்றி ஒரு சொல்: இன்றைய மேசைக் கணினிகளில் தேவையில்லை. திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தானாகவே அனுமதி தருகிறது. குழுவில் சேர்த்தால், ஒரே கணினியை இருவர் மாறி மாறிப் பயன்படுத்தும் வீட்டில் ஒருவரின் அமர்வு கார்டை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

கரகரப்பு: அடுக்குகளுக்கு இடையே வரும் நோய்

‘பிடபிள்யூ-டாப்’ கட்டளையை ஓடவிட்டு ஒலியை இயக்குங்கள். ஈஆர்ஆர் என்ற நெடுவரிசை உங்கள் கருவியின் வரியில் ஏறிக்கொண்டே போகிறதா?

ஏறினால், கணினி நேரத்துக்குத் தரவைத் தயார் செய்யவில்லை. குவாண்ட் என்ற நெடுவரிசை ஒரு தடவையில் எத்தனை சாம்பிள் என்று சொல்லும். 48000 ரேட்டில் 1024 என்றால் 21.3 மில்லிவிநாடி, 256 என்றால் 5.3 மட்டுமே. ஏதோ ஒரு செயலி குறைந்த தாமதம் கேட்டு எல்லாரையும் 256க்கு இழுத்திருக்கலாம். சோதனைக்கு ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 க்ளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 2048’ என்று கொடுங்கள். கரகரப்பு நின்றால் நோய் தெரிந்தது. கடைசி எண்ணை 0 ஆக்கினால் பழைய நிலை. ஆர்டிகிட் சேவை நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் பைப்வயருக்கு முன்னுரிமை கிடைக்காமல் போகலாம். பின்னணியில் ஏதாவது பெரிய மென்பொருள் தொகுப்பு நடந்தால் உடனே ஒலி தடுமாறும்.

ஏறாமல் காதில் மட்டும் கரகரத்தால், பிரச்சினை பைப்வயருக்குக் கீழே. இங்கே பஸ்ஸின் இடக் கணக்கு வருகிறது. ஹை ஸ்பீட் பஸ்ஸில் நேரம் ஒதுக்கப்பட்ட தரவுக்கு 80 சதவீதம்தான் அனுமதி. ஒரு வெப்கேம் சுருக்காத 640×480 படத்தை நொடிக்கு 30 முறை அனுப்பினால் 640 × 480 × 2 பைட் × 8 பிட் × 30, அதாவது நொடிக்கு 147 மெகாபிட். சில கேமராக்கள் தேவைக்கு மேலேயே இடத்தைப் பிடித்து வைக்கும். அதே ஹப்பில் ஒலி இடைமுகமும் இருந்து, வீடியோ அழைப்பு தொடங்கியதும் -28 பிழை வந்தால், இரண்டையும் வேறு வேறு போர்ட்டுக்குப் பிரியுங்கள். பிரிந்தது உண்மையிலேயே வேறு கிளையிலா என்பதை ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ மரத்தில் சரிபாருங்கள். கணினியின் பக்கத்து பக்கத்துப் போர்ட்டுகள் உள்ளே ஒரே ஹப்பில் முடியலாம்.

12 மெகாபிட் கருவிகளுக்கு இன்னொரு முடிச்சு. ஹை ஸ்பீட் ஹப்பின் கீழ் செருகினால், வேகத்தை மாற்றித் தரும் டிரான்ஸாக்‌ஷன் டிரான்ஸ்லேட்டர் என்ற பகுதி வழியாகத்தான் அவை பேச முடியும். மலிவான ஹப்பில் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. ஹெட்செட், இரண்டாவது சவுண்ட் கார்டு எல்லாம் அந்த ஒரே 12 மெகாபிட்டைப் பங்கு போட வேண்டும். ‘எல்எஸ்யூஎஸ்பி -வி’ ஹப்பின் விவரத்தில் ‘சிங்கிள் டிடி’ என்றும் ‘டிடி பெர் போர்ட்’ என்றும் இதைச் சொல்லிவிடும்.

கம்பியில்லா ஹெட்செட் என்றால் வேறு சந்தேகம். யூஎஸ்பி 3 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். இன்டெல் 2012இலேயே இதை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. பக்கத்துப் போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் நகலெடுக்கும்போது மட்டும் ஒலி அறுந்தால், ஹெட்செட்டின் சிறு ரிசீவரை ஒரு யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பியில் மாட்டி, மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். செலவு மிகக் குறைந்த தீர்வு இதுதான்.

கடிகாரத் திருப்பித் தகவல் பிரச்சினைக்கு டிரைவரிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது: ‘இம்ப்ளிசிட்_எஃப்பி=1’. மைக் பக்கத்திலிருந்து வரும் தரவின் வேகத்தையே அளவுகோலாகக் கொள்ளச் சொல்லும் அமைப்பு அது. சீரான இடைவெளிச் சொடுக்கு உள்ள பதிவு இடைமுகங்களில் முயன்று பார்க்கலாம். பலனில்லையென்றால் எடுத்துவிட வேண்டும்.

முதல் எழுத்து விழுங்கப்படுவது

அறிவிப்பு ஒலியின் தொடக்கம் கேட்காமல் போவது, திரைவாசிப்பான் பேசும்போது முதல் அசை விழுங்கப்படுவது, அமைதியான நேரத்தில் ‘டப்’ என்ற ஓசை: இவை மூன்றும் ஒரே குடும்பம். ஒலி நின்று 5 நொடி ஆனதும் வயர்ப்ளம்பர் கருவியை மூடிவிடுகிறது. மறுபடி திறக்கும்போது சில கருவிகள் விழித்தெழ நேரம் எடுக்கும். அந்தக் கருவிக்கு மட்டும் ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ என்பதை 0 ஆக்கினால் மூடாது.

இதை எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வயர்ப்ளம்பர் 0.4 வரை உள்ளமைவு லுவா மொழியில், ‘மெயின்.லுவா.டி’ என்ற கோப்புறையில். 2024இல் வந்த 0.5 முதல் லுவா உள்ளமைவு கைவிடப்பட்டு, ‘வயர்ப்ளம்பர்.கான்ஃப்.டி’ கோப்புறையில் ஜேசன் போன்ற வடிவத்தில் எழுத வேண்டும். பழைய கோப்பைப் புதிய பதிப்பு பொருட்படுத்தாது. டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டும் 0.4இல் இருக்கின்றன, டெபியன் 13 புதிய வடிவத்தில். எனவே நகலெடுக்கும் முன் ‘வயர்ப்ளம்பர் --வெர்ஷன்’ பாருங்கள்.

அதே இடத்தில் எழுதக்கூடிய இன்னொரு நல்ல அமைப்பு ‘ஏபிஐ.அல்சா.சாஃப்ட்-மிக்சர்’. சில கருவிகள் தம் ஒலியளவு எல்லையைத் தவறாக அறிவிப்பதால், 30 சதவீதத்துக்குக் கீழே முழு அமைதி, அதற்கு மேல் காதைப் பிளக்கும் சத்தம் என்று இருக்கும். இதை ட்ரூ ஆக்கி, அல்சாமிக்சரில் கருவியின் அளவை உயர்த்தி வைத்துவிட்டால் பைப்வயரே மென்பொருளில் அளவைக் கையாளும்.

மின்சாரச் சிக்கன மென்பொருளும் இதே அறிகுறியைத் தரும். கர்னல் தானாக ஒலிக்கருவிகளைத் தூங்கவைப்பதில்லை. ‘பவர்டாப் --ஆட்டோ-டியூன்’ எல்லாவற்றையும் தூங்க அனுமதித்துவிடும். டிஎல்பி என்ற மென்பொருள் ஒலிக்கருவிகளை இயல்பாகவே விலக்கிவைக்கிறது. பவர்டாப் சேவையை நிறுத்தி ஒருநாள் பாருங்கள்.

மைக் பற்றித் தனியாக

இரண்டு துளை உள்ள விரலளவு சவுண்ட் கார்டில் கைப்பேசி ஹெட்செட்டைச் செருகினால் சத்தம் கேட்கும், மைக் எடுக்காது. ஹெட்செட் முனையில் நான்கு தொடுபகுதி, பச்சைத் துளையில் மூன்றுக்குத்தான் இணைப்பு. ஒலியையும் மைக்கையும் இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும்.

இந்த வகைக் கார்டுகள் பலவற்றில் சி-மீடியா நிறுவனத்தின் சில்லுதான். தயாரிப்பாளர் எண் 0டி8சி என்று தெரியும். அவற்றின் அல்சாமிக்சர் பக்கத்தில் ‘ஆட்டோ கெயின் கண்ட்ரோல்’ என்று ஒன்று இருக்கும். பேசாத நேரத்தில் மின்விசிறி இரைச்சல் மெல்ல மெல்ல ஏறி, பேசத் தொடங்கியதும் அமுங்கினால் அது இதன் வேலை. எம் விசையால் அதை அடைத்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கார்டுகள் வைத்திருப்பவர்கள், அவற்றுக்குத் தனி வரிசை எண் இல்லாததால் செருகிய வரிசைப்படி பெயர் இடம் மாறுவதைப் பார்ப்பார்கள். செருகும் போர்ட்டை வைத்துப் பெயர் சூட்டும் விதியை யூடெவ் என்ற கருவி நிர்வாகச் சேவைக்கு எழுதுவது ஒரு வழி.

ஆடாசிட்டி போன்ற பதிவு மென்பொருளில் கருவிப் பட்டியலில் ‘எச்டபிள்யூ’ என்று உள்ள பெயரைத் தேர்ந்தால் அது பைப்வயரைத் தாண்டிக் கார்டை நேராகப் பிடிக்கும். மற்றச் செயலிகள் ஊமையாகும். ‘டிஃபால்ட்’ அல்லது ‘பைப்வயர்’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எதுவும் பலிக்காதபோது

க்ரப் தொடக்கப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் முந்தைய கர்னல் இருக்கும். அதில் தொடங்கிப் பாருங்கள். பழையதில் ஓடிப் புதியதில் ஓடவில்லை என்றால் அது கர்னலில் நேர்ந்த பின்னடைவு. லினக்ஸ் உருவாக்குநர்கள் மற்றப் பிழைகளைவிட இந்த வகைக்கு அதிக முக்கியத்துவம் தருவார்கள். இரண்டிலும் ஓடவில்லை என்றால், அண்மைக் கர்னல் உள்ள ஃபெடோரா லைவ் பென் டிரைவில் தொடங்கிச் சோதியுங்கள்.

பிழை அறிக்கையில் வைக்க வேண்டியவை: ஓடும் கர்னலின் எண்ணும் ஓடாததின் எண்ணும், கருவிக்கு உரிய ‘எல்எஸ்யூஎஸ்பி -வி’ விவரம், ஒலி ஓடும்போது எடுத்த ஸ்ட்ரீம்0 கோப்பு, செருகிய கணத்திலிருந்து கர்னல் பேசிய வரிகள், ‘அல்சா-இன்ஃபோ’ நிரல் தொகுத்துத் தரும் கோப்பு. ‘ஸ்பீக்கர்-டெஸ்ட்’ நேரடியாக ஓடியதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். ஓடவில்லை என்றால் அறிக்கை கர்னலின் அல்சா பிரிவுக்குப் போக வேண்டும். ஓடியது என்றால் பைப்வயர் திட்டத்துக்கு.